கதாநாயகியின் காரை ஓட்டியவர்

ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்று பார்த்த படம் மகா மட்டம். மேடவாக்கம் ரோட்டில் நாலு நிமிஷம் கார் துரத்தல் வரும் என்பதற்காக இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொண்டேன். வந்தது. சிவப்புக் காரை ஓட்டுவது கதாநாயகி இல்லை. நீலச் சுடிதாரும் விக்கும் மாட்டிக்கொண்ட என் வீட்டுக்காரர் உதயா. டூப் போடுகிறவர் முகம் தெரிந்தால் அந்த ஷாட் வேஸ்ட், அதனால் எந்தப் படத்திலும் முகம் இருக்காது. எனக்கு முகம் எதற்கு? வளைவு வரும் முன்னால் தலையை இடது தோள் பக்கம் ஒருமுறை சாய்ப்பார். வீட்டில் இன்னொரு டம்ளர் காபி கேட்பதும் அதே சாய்ப்புதான்.

பதினோரு தடவை பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

ஜூன் 11, புதன்

பக்கத்து வீட்டு சரசு அக்கா கேட்டார்: "யாருமே பாக்காத படமாத் தேடித் தேடிப் பாத்துகினு கீறியே, உனுக்கு இன்னா பைத்தியமா?"

ஆமாம். ஊரே பார்த்த படங்களில் ஓட்டுவது வேறு ஆட்கள். இவருக்கு வாய்த்ததெல்லாம் ஒரு வாரம்கூட ஓடாதவை.

ஜூன் 22, ஞாயிறு

எழுதக் கூடாது என்றிருந்தேன். போன வருஷம் மார்ச்சில் விலா எலும்பு இரண்டு உடைந்து வந்தார். கட்டுப் பிரிக்கும் முன்பே ஹைதராபாத்தில் ஒரு படம் என்றார். "வண்டி வேணுமா, நான் வேணுமா?" என்று கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினைந்து மாதம். ஒரு போன் இல்லை. நானும் பண்ணவில்லை. ரோஷத்தை மட்டும் எனக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறான் ஆண்டவன்.

ஜூன் 28, சனி

சரசு அக்கா மகள் ஓவியா ஒரு தெலுங்குப் படம் அனுப்பினாள். போன மாதம் வந்ததாம். பாலத்தின் மேல் துரத்தல். தலை சாய்கிறது. அடுத்த நொடி கார் தடுப்பில் மோதிப் புரள்கிறது. அதோடு வேறு காட்சி. இறங்குவதைக் காட்டவே இல்லை.

இறங்கினாரா? — ஐயோ, யாரைப் போய்க் கேப்பேன்?

கேட்கவேண்டிய ஆள் ஒருவர்தான். போன் போடுகிறேன். ரோஷமாவது ஒண்ணாவது.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று மூன்றாவது ரிங்கிலேயே எடுத்தார். "கொடி?" என்றார். ஜெயக்கொடி என்ற பெயரை அப்படிக் கூப்பிட வேறு ஆள் இல்லை எனக்கு.

"பாலத்துல அடி ஒண்ணும் படலையே?"

"எந்தப் பாலம்?"

சொன்னேன்.

"அது நான் இல்ல. நான் கத்துக்குடுத்த பொண்ணு. நல்லாத்தான் கீது. என்னை மாதிரியே தலைய சாய்க்கும். நான் வண்டியத் தொட்டு ஒரு வருஷமாச்சு."

"அப்ப மேடவாக்கத்துல? நீலச் சுடிதார்?"

"அதுவும் அந்தப் பொண்ணுதான்."

யாரோ ஒரு பெண்ணைப் பார்த்தா பதினோரு தடவை உருகினேன்? விக்கும் இல்லை, சொந்த முடி! எந்தக் கூட்டத்திலும் இவரைக் கண்டுபிடிப்பேன் என்று என்ன பீற்றல் எனக்கு.

"ஏன் சொல்லல?"

"வண்டிய வுட்டா நீ கூப்புடுவேன்னு நெனச்சேன்."

"வுட்டது எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "வந்துடுங்க" என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஹைதராபாத் வண்டி ஒன்றரை மணி நேரம் லேட். இளைத்துப்போயிருக்கிறார். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி பிடித்தோம். சேலையூர் தாண்டியதும் டிரைவர் ஒரு தண்ணி லாரியை முந்தினார். பெரிய வேகம்கூட இல்லை. இவர் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா போங்கண்ணா. அவசரம் ஒண்ணும் இல்ல."

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைத்தானே கேட்டேன் நான், இந்தப் பயம் வரட்டும் என்றுதானே?

சீட்டிலிருந்து அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை வியர்த்துக்கொண்டே இருந்தது.