கடல் மீனுக்கு நான் ஊற்றிய பைப் தண்ணீர்

வெள்ளிக்கிழமை, இரவு.

வெள்ளிக்கிழமை என்று வீடு கழுவினேன். பேத்தி கவிதா தன் படிப்புக்காக வளர்க்கும் சியாக்காப் என்ற கொடுவா மீன் குஞ்சுகளின் தொட்டி நாறியது. தெலுக் பஹாங் கடற்கரையிலிருந்து அவள் கொண்டு வந்த கடல் தண்ணீரில், அடியில் கொஞ்சம் விட்டு மீதியைக் கொட்டிவிட்டேன். டிரம்மில் பிடித்து வைத்திருந்த பைப் தண்ணீரை ஊற்றினேன். குஞ்சுகள் அடியில் ஒடுங்கிக்கொண்டன. அவள் படிப்பையே கெடுத்துவிட்டேனே என்று அழுதேன்.

கவிதா வந்து பார்த்தாள்.

"பயப்படாதீங்க லா பாட்டி. சியாக்காப் ஆத்துலயும் இருக்கும். கடல்ல தண்ணியக் குடிச்சிட்டு, உப்பைச் செவுளால வெளிய தள்ளும். இப்ப நல்ல தண்ணிக்கு வந்ததும் மூளைக்கு அடியில ஒரு ஹார்மோன் சுரக்கும். செவுள் உப்பைப் பிடிச்சுக்கும், அதிகத் தண்ணிய கிட்னி வெளியேத்தும்."

"அப்ப ஒண்ணுக்குப் போய்க்கிட்டே இருக்குமா?"

"ராத்திரியில நீங்க போற மாதிரிதான்! ஆனா தீனி எடுத்தாத்தான் பொழைச்சதுன்னு அர்த்தம்."

இருவரும் தொட்டி ஓரத்தில் குந்தியிருந்தோம். தீனி போட்டாள். ஒன்றுகூட அசையவில்லை. பிறகு ஒரு குஞ்சு மேலே வந்து லபக்கென்று கவ்வியது. மற்றவையும் பாய்ந்தன. இருவரும் கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

எத்தனை சியாக்காப் கறி வைத்திருப்பேன்! அதன் உடம்புக்குள் இப்படி ஒரு வேலை நடப்பது எனக்குத் தெரியாது. என் பேத்திக்குத் தெரிந்திருக்கிறது.

தொட்டியில் சளப்பென்று சத்தம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.