ஆணியில் மாட்டிய சட்டை

நெல் அவியும் வாடை இன்றைக்கும் அதேதான், முதலாளி. ஒரத்தநாட்டுச் சாலையில் பஸ் திரும்பும்போதே மூக்கில் ஏறிவிடுகிறது. போதை மாத்திரையை விட்டுவிட்டு மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த என்னை உங்கள் ரைஸ் மில் வாசலில் வரவேற்றதும் அந்த வாடைதான்.

அப்போது ஊரில் யாரும் எனக்கு வேலை தரவில்லை. என் அக்காவே பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சோறு போட்டாள். நீங்களோ பாய்லரையே என் கையில் கொடுத்தீர்கள். "உன் சட்டைப் பையில என்ன இருக்குன்னு நான் கேக்க மாட்டேன்டா. நெல்லு பக்குவமா வெந்துச்சான்னு மட்டும்தான் கேப்பேன்" என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். மாத்திரை நினைப்பு வந்த காலைகளில்கூட, ஊறப்போட்ட நெல் புளித்துவிடுமே என்று ஓடி வந்தேன்.

பாய்லர் பக்கம் சட்டையோடு நிற்க முடியாது. வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன். களத்தில் நெல் காயப்போடும் செல்வம் தினமும் அதை எடுத்துப்போய் உள்ளே மாட்டுவான். "கரி படும்ண்ணே" என்பான். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

நேற்று உங்கள் மகன் கூப்பிட்டார். என்னைப்போலவே மையத்திலிருந்து ஒருவர் வேலைக்கு வருகிறாராம். "அப்பா உங்களுக்குச் செல்வத்த வச்சிருந்த மாதிரி, நீங்க இவரப் பாத்துக்குங்க. சட்டைப் பைய தினம் தடவிப் பாத்துட்டா போதும்" என்றார், சாதாரணமாக.

கேட்கமாட்டேன் என்றீர்களே, ஆள் வைத்துத் தேடியிருக்கிறீர்களே! பயமாக இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். பையை உதறிக் காட்டியிருப்பேன். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்? செல்வத்தைக் கேட்டால், "முதலாளி சொன்னா நான் என்னண்ணே பண்றது?" என்று தலையைச் சொறிகிறான். அந்தப் பையில் ஒருநாளும் எதுவும் இருந்ததில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கடைசிவரை நிறுத்தச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இன்று காலை அந்தப் புதியவர் வந்தார். சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் ஆணிக்குப் பக்கத்து ஆணியைக் காட்டினேன்.

"பையப் பாக்கச் சொல்லியிருக்காங்க. பாக்கணும்னா உங்கள கேட்டுட்டுத்தான் பாப்பேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆணியில் சட்டையை மாட்டினார்.

சாயங்காலம் அவரிடம் கேட்க எனக்கு வேறு கேள்வி வரவில்லை. "நெல்லு பக்குவமா வெந்துச்சா?" என்றேன். உங்கள் கேள்விதான், முதலாளி. நான் அதை மட்டும்தான் கேட்டேன்.