முடிவைச் சொல்லுடி

இன்று காலை கூரியரில் இன்னொரு புத்தகம் வந்தது. பிரித்ததும் பசையும் மையும் கலந்த அந்த வாடை எழுந்தது. புத்தகப் பிரியர்கள் கண்ணை மூடி இழுத்து முகரும் வாடை. நீ மட்டும்தான் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "புதுச் செருப்புக் கடைக்குள்ள போன மாதிரி இருக்குடி" என்பாய். நீ சொன்ன நாளிலிருந்து எனக்கும் அப்படித்தான் மணக்கிறது. நீ போன பிறகும் அது மாறவில்லை.

வந்த புத்தகத்தை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் அடுக்கின் மேல் வைத்தேன். மதிப்புரை எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டு நான் எழுதாமல் போட்டிருக்கும் புத்தகங்கள் அவை. அடுக்கு இப்போது ஃப்ரிட்ஜின் கைப்பிடி உயரத்துக்கு வந்துவிட்டது. நாளை மாதக் கடைசி. என் வலைப்பூவில் வழக்கம்போல் 'இந்த மாத வாசிப்பு' எழுத வேண்டும். எதைப் படித்து முடித்தேன், எது பாதியில் நிற்கிறது, எந்தெந்தப் புத்தகத்துக்கு இன்னும் எழுதவில்லை என்று. அதற்காகத்தான் உட்கார்ந்தேன். கை உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டது.

உனக்கும் புத்தகத்துக்கும் எந்தக் காலத்திலும் ஒட்டியதில்லை. நாம் படித்த மிஷன் பள்ளியில் நீ த்ரோபால் அணியின் தலைவி. நான் ஓட வராத பெண். என்னை விட்டுவிடாமல் இழுத்துப் போய் மைதான ஓரத்தில் ஸ்கோர் எழுத உட்கார வைத்தாய். நான் ஸ்கோர் அட்டைக்கு அடியில் கதைப் புத்தகம் வைத்திருப்பேன். புள்ளிகள் தவறிப் போகும். "நம்ம டீமுக்கு ஒண்ணு ரெண்டு விட்டாலும் பரவால்ல. அவளுகளுக்குக் கூடப் போட்டுறாதடி" என்பாய். அம்புட்டுதான் உன் கோபம்.

பிறகு நீ அதே பள்ளியில் பி.டி. டீச்சர் ஆனாய். கல்யாணமாகி ஞானஒளிபுரத்தில் குடித்தனம். நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அம்மா இருந்தவரை அம்மாவோடும் அதற்குப் பிறகு தனியாகவும் திருப்பரங்குன்றத்தில் இருந்துகொண்டேன். தனியாக இருப்பவளுக்குப் பேச ஓர் இடம் வேண்டும் என்று அந்த வலைப்பூவைத் தொடங்கியபோது முதல் வாசகி நீதான். எத்தனையோ பேர் அங்கே நீளநீளமாகக் கருத்து எழுதினார்கள். நீ எல்லா மதிப்புரைக்கும் கீழே ஒரே வரியைத்தான் எழுதினாய்: 'முடிவைச் சொல்லுடி.'

"முடிவைச் சொன்னா படிக்கிறவங்களுக்கு என்ன இருக்கும்?" என்று உன்னிடம் கேட்டேன்.

"நான் படிக்கவா போறேன்? எனக்கு மட்டும் சொல்லு."

அப்படித்தான் அது பழக்கமானது. மதிப்புரை ஊருக்கு, முடிவு உனக்கு. அலுவலகம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் சொல்வேன். நீ பள்ளி மைதானத்தில் நின்றுகொண்டு கேட்பாய். நடுவில் விசிலை ஊதிவிட்டு, "ம், மேல சொல்லு" என்பாய்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதாக டாக்டர் சொன்ன அன்று நீ அழவில்லை. பிறகு டயாலிசிஸ் ஊசிக்காக இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். அதைத் தூக்கிக் காட்டி, "நல்ல வேளை, எறியுற கைய விட்டுட்டாங்க" என்றாய். உனக்கு அழுகை வந்தது வேறொன்றுக்காக. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம், அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

"ஒரு எடத்துல கெடக்க எனக்கு வராதுடி. பைத்தியம் புடிச்சிரும்" என்றாய்.

"புத்தகம் கொண்டு வாரேன்."

"புத்தகம் வேணாம். கதை சொல்லு. முந்தின நாள் எனக்குச் சொல்லிரு. நான் அங்க படுத்துக்கிட்டு அத நெனச்சுக்கிறேன்."

நினைத்துக்கொள்வதோடு நீ நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். திருவாதவூரில் விவசாயம் பார்ப்பவர், பெயர் சோணை. மிஷின் ஓடும் நேரமெல்லாம் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார் என்றாய். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரிடம் நான் சொன்ன கதையை எடுத்துவிட்டாய். மறுமுறை போனபோது அவராகவே கேட்டாராம், "டீச்சரம்மா, அந்தப் பய ஜெயில்ல இருந்து வந்துட்டானா?" அதிலிருந்து எதிர்க் கட்டில்களிலும் காது கொடுத்தார்கள். நர்ஸுகள்கூட ஊசியை எடுத்துவிட்டு நின்று கேட்பார்களாம்.

என் வாசிப்பு அதோடு மாறிப் போனது. எழுத்தாளர்கள் அனுப்பிய புத்தகங்கள் வரிசையில் நின்றன. நான் உன் வார்டுக்குத் தோதான கதைகளைத் தேட ஆரம்பித்தேன். உன் விதிகள் தெளிவாக இருந்தன: "ஆளு இருக்கணும். அது அடி வாங்கணும். எந்திரிக்கணும். சும்மா மழையப் பாத்துக்கிட்டு நிக்கிற கதையெல்லாம் வேணாம்." மாதக் கடைசிக் குறிப்பில் 'எழுத வேண்டியவை' என்ற பகுதி நீண்டுகொண்டே போனது. யாராவது கேட்டால் அலுவலக வேலை என்று சொல்லிவிடுவேன். அந்த நாட்களைப் போல நான் வேறெப்போதும் படித்ததில்லை.

கடைசியாக எடுத்தது அந்தத் தடித்த நாவல். மரகதம் என்கிற பெண், வெள்ளத்தில் காணாமல் போன அண்ணனைத் தேடிக்கொண்டு துறைமுக ஊருக்குப் போகிறாள். அங்கே சோத்துக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா அவளுக்கு இடம் கொடுக்கிறாள். நான் உன்னைவிடச் சில பக்கங்கள் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். நாவலின் நடுவில் அந்தச் சோத்துக்கடை அம்மா காய்ச்சலில் இறந்து போகிறாள். அதைச் சொன்னபோது நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். லைன் போய்விட்டதோ என்று, "ஹலோ" என்றேன்.

"இருக்கேன். மேல சொல்லு" என்றாய்.

மரகதம் அண்ணனைப் பார்ப்பதற்கு முன்பே நீ போய்விட்டாய். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, அசதியாக இருக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உன் வீட்டுக்காரர் போனில், "வாங்க" என்று மட்டும் சொன்னார். ஞானஒளிபுரத்தில் உன் பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் தெரு நிறைய நின்றார்கள். ஒருத்தியும் வரிசை கலையவில்லை. நீ பழக்கிய பிள்ளைகள்.

அதன் பிறகு அந்த நாவலை நான் திறக்கவில்லை. வேறு புத்தகமும் ஓடவில்லை. ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்று மனம் எழும். யாரிடம் என்ற கேள்வி அடுத்து வரும். அங்கேயே மூடிவிடுவேன். அந்த மாதக் கடைசியில், 'இந்த மாதம் எதுவும் முடிக்கவில்லை' என்று எழுதினேன். அடுத்த மாதமும் அதையே எழுதினேன். 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றார்கள் வாசகர்கள். ஓர் எழுத்தாளர் தன் புத்தகம் வந்து சேர்ந்ததா என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார். பிறகு கருத்துகள் குறைந்து நின்றுபோயின. அலுவலகத்தில் அதிகம் பேசுகிறவள் இல்லை நான். வீட்டுக்கு வந்தால் குழாய்ச் சத்தமும் ரயில் சத்தமும்தான். சில நாட்கள் என் குரலை நானே கேட்டது பஸ்ஸில் டிக்கெட் கேட்டபோது மட்டும்தான்.

அப்படி ஒரு மாலையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"தாயி, நீங்க டீச்சரம்மாவோட சேக்காளிதான? நான் திருவாதவூர்ல இருந்து பேசுறேன். சோணை. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல இருப்பேன்ல."

உன் வீட்டுக்காரர் ஏதோ காகிதம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது சோணை அவரிடம் என் எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறார். கூப்பிடுவதா வேண்டாமா என்று வெகுநாள் யோசித்தாராம்.

"ஒண்ணுமில்ல தாயி. அந்தப் பிள்ள மரகதம், அண்ணனத் தேடிப் போச்சே. கண்டுபிடிச்சுச்சா?"

"நான் இன்னும் படிச்சு முடிக்கலண்ணே" என்றேன்.

"இன்னுமா? அம்புட்டுப் பெரிய புஸ்தகமா அது?"

"பெருசுதான்."

"சரி சரி. மெதுவாப் படிங்க. அந்தச் சோத்துக்கடை அம்மாவுக்குக் கால் கூடிருச்சா? அதையாச்சும் சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கால்?" என்றேன்.

"கால் ஒடிஞ்சு கெடந்துச்சே. காச்சல்ல மயங்கி விழுந்து. எந்திரிச்சு நடக்க என்னென்ன பயிற்சி செய்யணும்னு டீச்சரம்மா வெவரமாச் சொன்னாகளே. நானும் கட்டில்ல படுத்தபடியே காலத் தூக்கித் தூக்கிப் பாத்தேன்."

பிறகு மெல்ல விசாரித்தேன். இதே கதையில் ஒரு தோணி கவிழ்ந்ததே, அந்தத் தோணிக்காரர் என்ன ஆனார்? நீந்திக் கரையேறிவிட்டாராம். அதற்கு முந்தைய கதையில் அந்தத் தகப்பனார்? அவர் மகள் வீட்டில் இருக்கிறாராம். நான் உனக்குச் சொன்ன கதைகளில் செத்தவர்கள் ஒருவர்கூட உன் வார்டில் சாகவில்லை. ஒருவரைப் படுக்க வைத்திருக்கிறாய், ஒருவரை வெளியூருக்கு அனுப்பியிருக்கிறாய்.

நீ ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. "இங்க ஒரு கட்டில் காலியாச்சுன்னா மறுநாளே ஆள் வந்துருது. முந்தி இருந்தவுக என்ன ஆனாகன்னு யாரும் வாயத் தொறக்குறதில்ல." அப்போது அதை ஆஸ்பத்திரிச் செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

"நேர்ல வந்து சொல்றேண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

நாவலை எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து படித்தேன். சமையலுக்கு நடுவிலும் பஸ்ஸிலும் சாப்பாட்டு இடைவேளையிலும் படித்தேன். மரகதம் அண்ணன் தங்கியிருந்த வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறாள். அவன் இல்லை. அவள் வருவதற்கு முன்பே ஒரு கப்பல் வேலையில் இறந்து போயிருக்கிறான். அவன் சட்டை ஆணியில் தொங்குகிறது. அதைத் தொடாமல் அவள் வெளியே வருகிறாள். அவ்வளவுதான் நாவல். மிக நல்ல முடிவு. மதிப்புரையில் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம்.

சனிக்கிழமை மாட்டுத்தாவணியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். நீ இருந்தவரை நான் அந்த வார்டுக்குள் போனதில்லை. வெளியாட்களை விடமாட்டார்கள் என்று நீயே தடுத்துவிடுவாய். அன்று உன் பெயரைச் சொன்னதும் நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் வந்துருங்கக்கா" என்று கதவைத் திறந்தாள்.

உன் கட்டிலில் ஒரு இளம்பெண் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்மூடிப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் சோணை. நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்றார். குழாய்கள் இழுத்தன.

"படுங்கண்ணே, படுங்க."

"முடிச்சிட்டீகளா தாயி?"

"முடிச்சிட்டேன்."

"அண்ணனப் பாத்துச்சா?"

ஆணியில் தொங்கிய சட்டை நாக்கின் நுனிவரை வந்தது. ஒரு புத்தகத்தில் இல்லாததை இருப்பதாக நான் எங்கும் எழுதியதில்லை, சொன்னதில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டாண்ணே" என்றேன்.

"எங்கன?"

"துறைமுகத்துக்குப் பக்கத்துலயே. டீக்கடை போட்டிருக்காரு."

"அடையாளம் தெரிஞ்சுச்சா? எம்புட்டு வருசம் ஆச்சு."

"மொதல்ல தெரியல. உடம்பு போட்டுட்டாரு. இவ டீய வாங்கி, சூடு தாங்காம முந்தானையில புடிச்சுக் குடிச்சா. அதப் பாத்துட்டு அவருதான் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு."

"கூடப் பொறந்ததுல்ல. தெரியாமப் போகுமா" என்றார். கண்ணோரத்தில் வழிந்ததை ஊசி குத்தாத கையால் துடைத்துக்கொண்டார். "சோத்துக்கடை அம்மா?"

"கம்பு ஊண்டி நடக்குது. சண்டைக்கும் போகுது."

அவர் சிரித்தார். பிறகு கூரையைப் பார்த்தபடி, "டீச்சரம்மா இப்படித்தான் சொல்லுவாக" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததா, ஒன்றும் தெரியாதா என்று என்னால் அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டாள். உன் கட்டிலில் இருந்த பெண் கண்ணைத் திறக்கவே இல்லை.

வெளியே வந்து பூ மார்க்கெட் பக்கமாக நடந்தேன். உன்னைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது. நான் பொய் சொன்னேன் என்று சொன்னால் உலகத்திலேயே நீ ஒருத்திதான் அதற்குச் சிரித்திருப்பாய். உன் எண் இன்னும் போனில் இருக்கிறது. அது இப்போது வேறு யாருக்கோ போயிருக்கும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வைகைப் பாலம் தாண்டும்போது எனக்கே தெரியாமல் அந்த டீக்கடைக்கு ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டிருந்தேன். பெரியார் நிலையத்தில் வண்டி மாறி வீடு வருவதற்குள் மரகதம் அங்கே வடை போட ஆரம்பித்துவிட்டாள். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் அலுவலகம் போகும்போதும் வரும்போதும் அவர்களுக்கு ஒருநாளைக் கூட்டிக்கொண்டே இருக்கிறேன். அண்ணனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். தோணிக்காரர் கணக்கு வைத்து டீ குடிக்கிறார். நேற்று அண்ணனுக்கு ஒரு இருமல் வந்தது. பயந்துபோய்ச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து நிறுத்திவிட்டேன்.