குளிர் முடிந்தது, மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை

ஸ்பிரிங்வேல், மெல்பேண்
18.9.1977

அன்பு மகள் கல்யாணிக்கு,

நீயும் மருமகனும் பேரனும், உங்களோடு இருக்கிற உன் அம்மாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டுமென்று நல்லூர்க் கந்தனைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் சுகம், வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அது வயதின் வேலையில்லை, மோட்டார் சைக்கிளின் வேலை. உன் கடிதம் வந்த நேரம் நான் கராஜுக்குள் அதை உதைத்துக்கொண்டுதான் நின்றேன். கறுத்த கையோடு பிரித்து வாசித்தேன். அம்மா இஞ்சையே இருக்கட்டும் அப்பா, நீங்களும் அந்தப் பழைய இரும்பை வித்துப்போட்டு லண்டனுக்கு வாங்கோ என்று எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு இன்னும் பலமாய் உதைத்தேன். முழங்கால் போனது அந்த உதையில்தான், ஆகவே வைத்தியச் செலவில் உனக்கும் பங்கிருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அம்மா விமானம் ஏறப் போகும்போது என்னிடம் சொன்னது இதுதான்: பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியட்டும், இஞ்சை குளிரும் முடியட்டும், வாறன், நான் வந்திறங்கேக்கை எங்கடை மோட்டச்சைக்கிளிலை வந்து ஏத்துங்கோ, மற்றவையின்ரை காருக்கு நான் கடமைப்பட மாட்டன். பேரனுக்குத் துடக்குக் கழித்து எவ்வளவு காலம். குளிரும் முடிந்துவிட்டது, பக்கத்து வீட்டு மரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது. அதனால்தான் மழைக்கும் குளிருக்கும் பயந்து மே மாதத்தில் உள்ளே தள்ளி மூடி வைத்த சைக்கிளை வெளியே எடுத்தேன். அவளை ஏற்றத்தான். சும்மா பொழுது போகாமல் இல்லை.

எடுத்தால் அது என் மாமியார் வீட்டு ஆள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. ரயரில் காற்றில்லை, அடித்தேன். தாங்கியில் கிடந்த பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணத்தது, அதை வெளியே ஊற்றிவிட்டுப் புதிது விட்டேன். பிளக்கைக் கழற்றி மண்கடதாசியால் தேய்த்தேன், பொறி பறக்குதோ என்று கையில் பிடித்துப் பார்த்தேன், பறந்தது, நானும் கொஞ்சம் பறந்தேன். ஊரில் ஸ்ரோர் கீப்பராக இருந்தவன் சாமான்களின் பெயர் சொல்லுவானே தவிர பூட்டத் தெரியாதவன் என்று அம்மா சொல்லுவாள், அதை நிரூபித்துக்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்துப் புறநகரான ரோவிலில் இருந்து நண்பர் வரதராஜன் வந்தார், மதுரைக்காரர், எஞ்சினியர், அவருக்கு நான் சமைத்த பருப்பும் பிடிக்கும். காபரேட்டர்தான் சார், நூத்துக்கு நூறு, நான் கேரண்டி என்றார். இருவரும் கழற்றி, ஓட்டைகளில் படிந்திருந்த பசையை அம்மாவின் தையல் ஊசியால் குத்தி எடுத்துப் பூட்டினோம். உதைத்தால் இரண்டு தரம் இருமும், பிறகு மூச்சடங்கிப் போகும். தெரு நீளத்துக்குத் தள்ளினோம். பக்கத்தில் சைட்கார்ப் பெட்டியும் பூட்டியிருக்கிற சைக்கிளைத் தள்ளுவது கோவில் தேர் இழுக்கிற மாதிரி, ஆனால் வடம் பிடிக்க ஊரில்லை, நாங்கள் இரண்டு வழுக்கைத் தலைகள்தான். இதுக்கு ஆயுசு முடிஞ்சுடுச்சு சார், பேசாம பொண்ணு சொல்ற மாதிரி லண்டனுக்குப் போயிடுங்க என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் அதன் பின்னால் தரையில் இருந்துவிட்டேன். எழும்ப மனமில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது, சைலன்சர்க் குழாயின் உள்ளே நீலமாய் ஒரு நூல். குறட்டால் பிடித்து இழுத்தால் வருகிறது, வருகிறது, அம்மாவின் பழைய நூல்சேலையில் பாதி. விளக்குமாற்றுத் தடியால் இடித்து இறுக்கியிருக்கிறாள். உனக்கு ஞாபகமிருக்கும், ஊரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது போவதென்றால் கிணற்றடி வாய்க்கால் ஓட்டை, குசினித் தண்ணி போகிற ஓட்டை எல்லாவற்றையும் பழந்துணியால் அடைத்துவிட்டுத்தான் படலையைச் சாத்துவாள், பாம்பும் பூரானும் குடிவந்துவிடும் என்று. மெல்பேணில் பாம்புக்கு வேறு ஓட்டை கிடைக்கவில்லை என்று நினைத்தாளாக்கும். என்னிடம் சொல்லவுமில்லை, பயண அவசரத்தில் மறந்துவிட்டாளாக்கும். துணியை எடுத்துவிட்டு உதைத்தேன். ஒரே உதை, தெருவே கேட்க உறுமியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பிள்ளை. வருகிற எண்ணம் இல்லாதவள் ஏன் அதை அடைத்து வைக்கவேண்டும்? போகும்போது இருந்த எண்ணம் உன் வீட்டில் எப்படி மாறியது? நீ வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், அது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்குவதால்தான் கசக்கிறது. தாயைப் பேறு பார்க்க அனுப்பினேன், குடியிருக்க அனுப்பவில்லை. இப்படி எழுதினால் நீ அழுவாய் என்று தெரியும், ஆனால் கிழித்துவிட்டு வேறு எழுத இந்த முறை மனம் வரவில்லை.

நேற்றுக் கடைத்தெருவுக்கு ஓட்டிப் போனேன். இடப்பக்கம் திரும்ப, ஆளில்லாத பெட்டி சக்கரத்தோடு மேலே கிளம்பிவிட்டது, கடைக்காரன் கையைத் தலையில் வைத்துவிட்டான். பாரம் வேண்டுமென்று ஒரு மூட்டை அரிசி வாங்கி அம்மா இருக்கிற இடத்தில் இருத்திக்கொண்டு வந்தேன். அரிசி ஒரு வார்த்தை பேசவில்லை, மெல்லப் போங்கோ என்றும் சொல்லவில்லை. அதனால் வேகமாய்த்தான் வந்தேன்.

பேரனுக்கு நெஞ்சில் சளி என்று எழுதியிருந்தாய், தலையில் எண்ணெய் வைத்து ஈரக் காற்றில் கொண்டு திரியாதே. மருமகனுக்கு என் அன்பைச் சொல்லு, அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. உங்கள் மூவருக்கும் முருகன் நோயற்ற வாழ்வும் நிறைந்த மனமும் தரட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இதற்குப் பதில் நீ எழுதவேண்டாம். அம்மா சொன்னா, அம்மா கேட்டா என்று இவ்வளவு காலமும் உன் கையெழுத்தைத்தான் வாசிக்கிறேன். அவளுக்கு எழுதத் தெரியும். வரமாட்டன் என்பதானாலும் அவள் கையால் எழுதட்டும். வாசித்துவிட்டு அவள் இருக்கிற சைட்கார்ப் பெட்டியைக் கழற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
க. விக்னராஜா