புடிச்ச சூளை

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

நான் செய்யிற, டர்ன் டர்னா மாறி மாறி ஆடுற கம்ப்யூட்டர் போர் கேமை இன்னைக்கு என் பொண்டாட்டி செல்வி விளையாடிப் பார்த்தா. கேம்ல அவளுக்குன்னு இருக்கிற சொந்த ஊர்ல ஒரு கட்டடம்கூட கட்டலை. படையை அனுப்பி எதிரியோட சூளைங்களைப் புடிச்சே ஜெயிச்சுட்டா.

"ஒண்ணுமே கட்டலையேடி?"

"புடிச்சா அடுத்த டர்ன்லயே பானை வருது, அதை வித்தா படைக்குச் சோறும் ஆச்சு. நான் எதுக்குங்க கட்டணும்?"

சுருக்குன்னுச்சு. விருத்தாசலத்துல பீங்கான் சூளைங்களுக்கு நடுவுல வளந்தவன் நான். சண்டை நடக்கிற ஊர்ல எவன் சூளைக்கு நெருப்பு போட்டுக்கிட்டு இருப்பான்? இது எனக்குத் தோணாம போச்சே.

மாத்திட்டேன். புடிச்ச சூளை இனிமே ஆறிப்போன சூளைதான். விறகு போட்டு, சூடேற மூணு டர்ன் காத்திருக்கணும். அதுவரைக்கும் படைக்குச் சோறு சொந்த ஊர்ல கட்டின சூளையை நம்பித்தான் போவணும்.

செல்வி மொறைச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா. மொறைக்கட்டும். நாளைக்கும் அவளே ஜெயிக்கட்டும். ஆனா கட்டிட்டு ஜெயிக்கட்டும்.