துணியோடு வந்த முகம்

சிங்கப்பூர், 12.8.1982

அன்பு மனைவி மாரித்தாய்க்கு,

உன் இருமல் விட்டதா? அப்பா தறிக்குப் போகிறாரா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் பழம்பொருள் கடையில் ஒரு சின்ன சமாச்சாரம். ஆயிரம் வருஷத்துச் சீன மண்பொம்மை, ஒரு பெண். அவள் உடையில் பச்சையும் மஞ்சளும் வழிந்திருந்தன. தறிக்காரன் கண்ணல்லவா, சாயம் ஓடிவிட்டது என்று ஈரத்துணியால் தேய்த்தேன்.

“ஏலே, அது வழியிறதுதாம்ல அழகே!” என்று கூட வேலை பார்க்கும் குருநாதன் அண்ணாச்சி ஓடிவந்தார். உடைமேல் கண்ணாடி போலப் பூச்சு, நிறம் அசையவில்லை. முகத்துக்குப் பூச்சு இல்லை. வெறும் மையால் வரைந்த கண்ணும் புருவமும் துணியோடு வந்துவிட்டன.

அந்த நஷ்டத்துக்கு ஈடாக முதலாளி என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டார். எப்போது விடுவாரோ தெரியாது. அப்பாவிடம் சொல்லாதே.

கூப்பிடுகிறார், முடிக்கிறேன். ஸ்டுடியோவுக்குப் போய் உடனே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கண்ணும் புருவமும் தெளிவாகத் தெரியட்டும். இரண்டு நாளாக உன்னை நினைத்தால் சேலைதான் தெரிகிறது, முகம் வரவில்லை.

மூக்காண்டி