412-ஆம் வரியில் விட்டுப்போன மைனஸ்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். குடையை அக்கா வீட்டில் மறந்து, பிரேசர் டவுனிலிருந்து லேப் வரை நனைந்துகொண்டே.
வேலை: வியாழக்கிழமை ஆய்வேட்டு செமினாருக்கு ஸ்லைடு. படம் 6-ஐத் திரும்ப வரைய வேண்டும்.
வரைந்திருக்கக் கூடாது. புரோகிராமில் 412-ஆம் வரி. ஒரு மைனஸ் இல்லை. நானே எழுதிய வரி. மூன்று வருடம்!
நியூட்ரான் நட்சத்திரத்தை அதன் காந்தமே உருமாற்றும். சுரைக்காயாக நீண்டால் மெல்லச் சாய்ந்து சுழன்று ஈர்ப்பு அலை அனுப்பும். பூசணியாகப் பருத்தால் நிமிர்ந்து நின்று வாயை மூடிக்கொள்ளும். என்னுடையது சுரைக்காய் என்று பேப்பரே போட்டாயிற்று. மைனஸ் சேர்த்தால் பூசணி. அலை இல்லை.

ஜூலை 8, செவ்வாய்
வெயில். கைடு சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றினார்.
"பேப்பர் வந்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. இப்ப போய் கிளறாதே. முதல்ல டிகிரிய வாங்கு, அப்புறம் பாத்துக்கலாம்."
எப்போது அப்புறம்? அவர் கையெழுத்தில்லாமல் ஆய்வேடு நகராது. ஹாஸ்டல் கெடு முடிந்து அக்கா வீட்டு ஹாலில் பாய். 
அக்கா: "ஞாயித்துக்கெழம சர்ச்ல நீ சாட்சி சொல்ற, கர்த்தர் உன் படிப்புக்கு செஞ்சத எல்லாம். பாஸ்டர்கிட்ட பேர் குடுத்தாச்சு. சபையே உனக்காக உபவாசம் இருந்துது, தெரியும்ல?"
தெரியும். அதுதான் பயம்.

ஜூலை 10, வியாழன்
செமினார். ஸ்லைடு 14-இல் மைனஸ் விட்டுப்போன அந்தச் சமன்பாடு, வேண்டுமென்றே பெரிதாக, சிவப்பில். யாராவது கேட்டுத் தொலைக்கட்டும் என்று.
ஒரே கேள்வி: "இந்த அலைய எப்ப பிடிப்பாங்க?"
சார் முந்திக்கொண்டார்: "இன்னும் நல்ல டிடெக்டர் வரட்டும்."
கைதட்டல். கேசரி பாத். வெட்கமில்லாமல் இரண்டு தட்டு.

ஜூலை 13, ஞாயிறு
மேகமூட்டம். மைக் கைக்கு வந்தது.
"என் கணக்கு தப்பு. நான் சொன்ன அலை அந்த நட்சத்திரத்துல இருந்து வராது. தெரிஞ்சும் வாய மூடிட்டு நின்னேன்."
பாஸ்டர்: "கர்த்தர் எவ்வளவு பெரிய காரியம் செஞ்சிருக்கார்!"
சபை முழுக்க அல்லேலூயா. அக்காவுக்குப் பூரிப்பில் கண்ணீர். வாசலில் ஒரு அம்மா: "டாக்டரம்மா, என் பொண்ணு பரிட்சைக்கும் ஜெபிங்க."
இத்தனை பேர் முன்னால் சொல்லியும் சொல்லாத மாதிரிதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.
மதியம் 2.10. பேப்பர் போட்ட பத்திரிகைக்கு மெயில். காலையில் சொன்ன அதே மூன்று வாக்கியம், இங்கிலீஷில். சாருக்கும் நகல். அனுப்பியாயிற்று.
2.25. போன். சார்.
அக்கா சமையலறையிலிருந்து: "சாரா? எடு எடு, வாழ்த்து சொல்லத்தான் இருக்கும்."